ஊஞ்சலைக் கடைசியில் வாங்குங்கள்: காலி இடத்தைக் குழந்தைகள் பூங்காவாக்க ஒரு வழிகாட்டி

தெருக்கோடியில் பல வருடமாக முள்ளும் புதருமாக ஒரு காலி இடம் கிடக்கும். குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டத்தில் யாராவது ஒருவர், "இதைப் பிள்ளைகளுக்குப் பார்க் ஆக்கினால் என்ன?" என்று கேட்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒருவர் விளையாட்டுச் சாமான் கேட்லாக்கோடு வந்து நிற்பார். அதை வாங்கி அலமாரியில் வைத்துவிடுங்கள். ஒரு வருடத்துக்கு அது தேவைப்படாது.

சென்னைப் புறநகரில் இப்படி இரண்டு பூங்காக்களுக்காக அலைந்திருக்கிறேன். இரண்டாவது பரவாயில்லை. முதலாவது சொதப்பல். அதில் கேட்லாக்கைப் பார்த்துத்தான் ஆரம்பித்தோம். நடுவில் பளபளவென்று பெரிய சறுக்குமரம், சுற்றிலும் பேவர் பிளாக், ஓரத்தில் புல்தரை, அதன்மேல் 'புல்லில் நடக்காதீர்' பலகை. சித்திரை மாதம் சாயங்காலம் நாலரை மணிக்குப் போய் சறுக்குமரத்தில் உள்ளங்கையை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். ஒரு சிறுமி சட்டையைத் தொடைக்கு அடியில் இழுத்துவிட்டுக்கொண்டு, காலைத் தூக்கியபடி சறுக்கினாள். இரண்டாம் தடவை ஏறவில்லை. அதே நேரத்தில் பூங்காவின் மூலையில், ஒழுகிக்கொண்டிருந்த குழாயடியில் நான்கு பையன்கள் சேற்றில் அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். இருட்டும் வரை அங்கேயேதான் இருந்தார்கள்.

இனி வருவதெல்லாம் அந்தச் சறுக்குமரமும் அந்தக் குழாயும் சொல்லிக்கொடுத்தவை. சென்னையை வைத்துத்தான் எழுதுகிறேன். மற்ற ஊர்க்காரர்கள் வெயிலையும் மழையையும் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

முதலில், நிலம் யாருடையது?

நீங்கள் பார்க்கும் காலி இடம் பெரும்பாலும் ஓஎஸ்ஆர் நிலமாக, அதாவது மனைப்பிரிவில் திறந்தவெளிக்கென்று ஒதுக்கிய நிலமாக இருக்கும். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தை மனையாகப் பிரிக்கும்போது, சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளிக்கு ஒதுக்கவேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் நிலமாகவே கொடுத்தாகவேண்டும். அதற்குக் கீழே என்றால் சில சமயம் பணமாகக் கட்டிவிட வழி உண்டு. நிலமாக ஒதுக்கியதை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தரவேண்டும்.

வரைபடத்தில் 'பூங்கா' என்று போட்டிருக்கும், ஆனால் பத்திரம் பதிவாகியே இருக்காது. இது நிறைய நடக்கிறது. அதனால் மனைப்பிரிவின் ஒப்புதல் எண்ணைப் பத்திரங்களிலிருந்து எடுத்து, மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபியின் (நகர் ஊரமைப்பு இயக்ககம்) வரைபட நகலை வாங்குங்கள். அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டால் தானப் பத்திரம் பதிவானதா என்று தெரிந்துவிடும். நேரில் கேட்டுப் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி ஒரு மனு. 30 நாளில் பதில் தரவேண்டும். இந்தக் காகிதம் கையில் இல்லாமல் ஒரு செடிகூட நடாதீர்கள். மூன்று வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்த பிறகு ஒருவர் பட்டாவோடு வந்து நிற்பதைப் பார்த்தவன் நான்.

இடம் சின்னதாக இருக்கிறதே என்று தயங்கவேண்டாம். ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் ஆல்டோ வான் ஐக் என்ற கட்டடக்கலைஞர் 1947-ல் ஒரு சிறிய சதுக்கத்தில் மணல்குழியும் சில கம்பிகளும் வைத்து ஆரம்பித்தார். அடுத்த முப்பது வருடங்களில் இரண்டு வீடுகளுக்கு இடைப்பட்ட சந்து, இடிந்த மனை என்று கிடைத்த இடத்தில் எல்லாம் 700-க்கும் மேற்பட்ட விளையாட்டிடங்களை வடிவமைத்தார். பெரும்பாலும் ஒரு மணல்குழி, ஏறித் தாவ நாலு சிமெண்டுக் கட்டைகள், தலைகீழாகத் தொங்கக் கம்பி வளைவுகள், உட்கார ஒரு பெஞ்ச். அவ்வளவுதான். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) இடம் இருந்தால், பஸ் ஏறிப் போகவேண்டிய பத்து ஏக்கரைவிடப் பிள்ளைகளுக்கு அதுதான் உபயோகம்.

ஒரு வெயில், ஒரு மழை

வரைபடம் போடும் முன் அந்த இடத்தை ஒரு சித்திரையிலும் ஒரு ஐப்பசியிலும் பார்த்துவிடுங்கள். அவசரக்காரர்களுக்கு இது பிடிக்காது. ஆனால் இந்த ஆறு மாதத்தில்தான் காகித வேலையும் நடக்கும், ஆகையால் நேரம் ஒன்றும் வீணாகாது.

பிள்ளைகள் வெளியே வருவது நாலரை மணிக்கு. அப்போது சூரியன் மேற்கே இருக்கும். நிழல் கிழக்கே விழும். ஆக, விளையாட்டு இடத்துக்கு மேற்கே மரம் வேண்டும். இது தெரியாமல் கிழக்கு ஓரத்தில் வரிசையாக மரம் வைத்தால், நிழல் பக்கத்து வீட்டுக் கார்மேல்தான் விழும். வெளிநாட்டு நூல்களில் 'சறுக்குமரத்தை வடக்குப் பார்த்து வையுங்கள், சூடாகாது' என்று இருக்கும். அவர்கள் ஊரில் சரி. சென்னை இருப்பது 13-ஆவது அட்சக்கோட்டில். ஏப்ரல் கடைசியில் சூரியன் நேராக உச்சந்தலைக்கு வரும், மறுபடியும் ஆகஸ்ட் நடுவில் வரும். இடைப்பட்ட மாதங்களில் மதியச் சூரியன் வடக்கேதான் நிற்கும். எந்தத் திசையில் வைத்தாலும் தகடு காயும். ஒரே வழி நிழல்தான்.

சித்திரையில் ஒரு நாள் நான்கு, ஐந்து, ஆறு மணிக்குப் போய் நிழல் எங்கே விழுகிறது என்று சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுங்கள். போட்டோ எடுங்கள். ஐப்பசியில் பெருமழை பெய்த மறுநாள் போய்த் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று முளைக்குச்சி அடித்துவையுங்கள். இரண்டையும் ஒரே காகிதத்தில் ஏற்றினால் பாதி வரைபடம் தயார்.

தண்ணீர் நிற்கும் பள்ளத்தை உடனே மண் போட்டு மூடிவிடத்தான் தோன்றும். மூடவேண்டாம். ஆழமில்லாத சரிவாக வெட்டி, புல்லும் கோரையும் வைத்தால் மழைநீர் அங்கேயே இறங்கிவிடும். சென்னை மாநகராட்சியே ஸ்பாஞ்ச் பூங்கா என்ற பெயரில் இப்படிப் பல இடங்களில் செய்திருக்கிறது. கவனிக்கவேண்டியது இரண்டு. ஒன்று, நீர் இரண்டு மூன்று நாளில் வடிந்துவிடவேண்டும். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரமாவது ஆகும், அதற்குள் காய்ந்துவிட்டால் பயமில்லை. இரண்டு, செங்குத்தான கரை கூடவே கூடாது. முழங்கால் ஆழம் என்பது நமக்கு. இரண்டு வயதுக் குழந்தைக்கு அதுவே ஆபத்து.

எண்ணுங்கள், கூடவே நடங்கள்

அடுத்தது கணக்கெடுப்பு. பெரிய விஷயம் இல்லை. இருக்கிற பூங்கா ஒன்றிலோ தெருவிலோ, வேலைநாள் ஒன்று, ஞாயிறு ஒன்று, நான்கு மணி முதல் ஏழு வரை உட்காருங்கள். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எத்தனை பேர், என்ன வயது, ஆணா பெண்ணா, கூட யார் வந்தார், என்ன செய்கிறார்கள் என்று நோட்டில் கோடு போடுங்கள். பாட்டியோடு வருபவர்கள் எத்தனை பேர், தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரும் அக்காக்கள் எத்தனை பேர் என்பதையும் குறியுங்கள். பெஞ்ச் எங்கே போடவேண்டும் என்பதை இவர்கள்தான் தீர்மானிப்பார்கள்.

பிறகு வீட்டிலிருந்து அந்த இடம் வரை ஒரு குழந்தையோடு நடந்து பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம், வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள் ஒரு பசுமை இடம் இருக்கவேண்டும் என்று ஓர் அளவு சொல்கிறது. பெரியவர்களுக்கு ஐந்து நிமிட நடை. மூன்று வயதுக் குழந்தையோடு, வழியில் இருக்கும் நாய்க்குட்டி, எறும்பு வரிசை, இளநீர் வண்டி எல்லாவற்றுக்கும் நின்று போனால் கால் மணி. அர்பன் 95 என்று ஓர் உலகளாவிய முயற்சி இருக்கிறது. 95 என்பது ஆரோக்கியமான மூன்று வயதுக் குழந்தையின் உயரம், சென்டிமீட்டரில். போனை உங்கள் தொப்புள் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே பிடித்து, அந்த வழியை வீடியோ எடுங்கள். நிறுத்திய பைக்குகளின் சைலன்சரும், மூடாத மழைநீர் வடிகாலும், இபி பெட்டியின் திறந்த கதவும் நேராக முகத்தில் வந்து மோதும். பூங்காவைவிட முதலில் சரிசெய்யவேண்டியது சில சமயம் அந்த 300 மீட்டர்தான். கவுன்சிலரிடம் அந்த வீடியோவைக் காட்டுங்கள். மனு எழுதுவதைவிடச் சீக்கிரம் வேலை நடக்கும்.

பிள்ளைகளிடம் என்ன கேட்பது

"என்ன வேணும்?" என்று கேட்காதீர்கள். சறுக்குமரம் என்பார்கள், இல்லையென்றால் நீச்சல்குளம், ரோலர் கோஸ்டர். அவர்களுக்குத் தெரிந்ததைத்தானே கேட்கமுடியும். நான் கேட்டு நல்ல பதில் கிடைத்த கேள்விகள் வேறு மாதிரி: "ஒளிஞ்சு விளையாட எங்க போவீங்க?" "எந்த இடத்துக்குப் போகப் பயம்?" "கடைசியா எங்க விழுந்து அடிபட்டுச்சு?" "பெரியவங்க எதுக்குத் திட்டுவாங்க?"

கடைசிக் கேள்விக்குத்தான் பதில் கொட்டும். பந்து, சத்தம், மண், மரம் ஏறுவது. ஆக அவர்களுக்குத் தேவையானது எது என்பதும் அதிலேயே இருக்கிறது. தரையில் சாக்பீஸால் பூங்காவின் எல்லையை வரைந்து, செங்கல், கயிறு, பழைய டயர், காய்ந்த மட்டை ஆகியவற்றைக் கொடுத்து ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். நீங்கள் ஓரமாக உட்கார்ந்து படம் எடுங்கள், எதுவும் சொல்லவேண்டாம். எங்கள் இரண்டாவது பூங்காவில் பிள்ளைகள் எல்லாச் செங்கலையும் ஒரே மூலைக்குக் கொண்டுபோய்ச் சுவர் கட்டிவிட்டு, அதற்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டார்கள். அங்கேதான் இப்போது இடுப்புயர வளைவுச் சுவர் ஒன்று இருக்கிறது.

பத்து வயதுக்கு மேற்பட்ட பெண் பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், பேசுவதும் ஓர் அக்காவாக இருக்கட்டும். வியன்னா நகரத்தில் 1990-களில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒன்பது வயதுக்குப் பிறகு பூங்காக்களில் பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை சட்டென்று குறைவது தெரிந்தது. பந்து விளையாடும் பையன்கள் இருந்த ஒரே திறந்த இடத்தையும் பிடித்துக்கொள்ள, இவர்கள் மெல்ல ஒதுங்கிவிட்டார்கள். 1999-ல் மார்கரெட்டன் வட்டாரத்தில் இரண்டு பூங்காக்களை மாற்றியமைத்தார்கள். பெரிய திடலைச் சிறு சிறு இடங்களாகப் பிரித்து, நடைபாதையைச் சேர்த்தார்கள். பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

நம் ஊரில் உங்கள் நோட்டை எடுத்துப் பார்த்தால் இதே கதைதான் இருக்கும், காரணங்கள் மட்டும் இன்னும் நாலு கூடும். வாசல் ஒன்றுதான், அங்கே பைக்கோடு பையன்கள் நிற்கிறார்கள். ஆறு மணிக்கு விளக்கு எரியவில்லை. கழிவறை பூட்டிக் கிடக்கிறது. இவற்றை எல்லாம் கேட்லாக்கில் இருந்து வாங்க முடியாது. எதிரெதிரே இரண்டு வாசல் வையுங்கள். பந்து விளையாடும் இடம் நடுவில் வேண்டாம், ஓரத்தில் இருக்கட்டும். நாலைந்து பேர் எதிரெதிராக உட்கார்ந்து பேசும்படி இரண்டு மூன்று திண்ணைகள். திண்ணைமேலேயே பல்லாங்குழிக் குழிகளும் தாயக்கட்டமும் செதுக்கிவிட்டால் பெரியவர்களும் வருவார்கள். பெரியவர்கள் இருக்கும் இடத்துக்குப் பெண் பிள்ளைகளை வீட்டில் அனுப்புவார்கள்.

மரங்கள்

இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். சாமானை மாற்றிவிடலாம், மரத்தை மாற்ற முடியாது.

நிழலுக்குப் புங்கை. மாசி பங்குனியில் இலை கொட்டினாலும் வெயில் ஏறும்போது புதுத் தளிரோடு நிற்கும். வேம்பு சொல்லவே வேண்டாம். பூவரசு ஒன்றாவது இருக்கட்டும். அதன் இலையைச் சுருட்டி ஒரு நுனியைப் பல்லால் கடித்து ஊதினால் பீப்பீ. இந்த வித்தையைச் சொல்லிக்கொடுக்க ஒரு தாத்தா போதும், ஒரு வாரத்தில் தெருவே அலறும். மகிழம்பூ பொறுக்குவதற்கு. புளியங்கொட்டை தாயத்துக்கும் பல்லாங்குழிக்கும். நாவல், நெல்லி, கொய்யா தின்பதற்கு. பழம் விழுந்து தரை அழுக்காகிறது என்று யாராவது சொல்வார்கள். நாவலை நடைபாதைக்குத் தள்ளி வையுங்கள், தீர்ந்தது. ஏறுவதற்குக் கொய்யா நல்லது, கிளை தாழ்வாகவும் உறுதியாகவும் இருக்கும். முருங்கை வேண்டாம். கிளை சுலபமாக முறியும், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அப்பிக்கொள்ளும்.

அழகாக இருக்கிறது, ஆடு தின்னாது என்று நர்சரிக்காரர் அரளியைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார். செவ்வரளியும் மஞ்சள் அரளியும் இலை முதல் விதை வரை விஷம். குழந்தைகள் வரும் இடத்தில் ஒரு செடிகூட இருக்கக்கூடாது. தானாக முளைக்கும் ஊமத்தை, எருக்கு, ஆமணக்கு, வேலியில் படரும் குன்றிமணி, எல்லாவற்றையும் மாதம் ஒருமுறை தேடிப் பிடுங்கவேண்டும். காகிதப்பூ வைத்தே தீருவேன் என்றால் உயரத்தில் மட்டும். தாழ்வாக வைத்தால் முள் சரியாகக் குழந்தையின் கண் உயரத்தில் இருக்கும். கொனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தை எங்கேயும் நடவேண்டாம். தமிழ்நாடு அரசே அதற்குத் தடை போட்டிருக்கிறது. குல்மோகர் பூக்கும்போது கண்ணைப் பறிக்கும்தான். ஆனால் 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்த மறுநாள் சென்னைத் தெருக்களில் விழுந்து கிடந்தவற்றில் இந்த மாதிரி வெளியூர் அலங்கார மரங்கள் எத்தனை என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மியாவாக்கி காடு வைக்கலாமா என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று நெருக்கி நடுவது அது. பறவைக்கு நல்லது, மண்ணுக்கு நல்லது. ஆனால் சுற்றி வேலி போட்டு உள்ளே யாரும் போகமுடியாதபடி ஆகிவிடும். கால் ஏக்கர் இடத்தில் பாதியை அதற்குக் கொடுத்துவிட்டால் பிள்ளைகளுக்கு வேடிக்கை பார்க்கத்தான் முடியும். எல்லை ஓரமாக ஒரு பட்டை போதும்.

கன்றை ஐப்பசிக்கு முன், புரட்டாசியில் நட்டுவிட்டால் வடகிழக்குப் பருவமழை முதல் மூன்று மாதம் பார்த்துக்கொள்ளும். ஆள் உயரக் கன்றாக வாங்குங்கள். அடிமரத்தைச் சுற்றி மூன்று அடிக்காவது பேவர் பிளாக் வரக்கூடாது, கான்ட்ராக்டரிடம் இதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மரம் நிழல் தர நாலைந்து வருடம் ஆகும். அதுவரை பச்சை வலையோ, கம்பிப் பந்தலில் சங்குப்பூவோ பிரண்டையோ. பந்தலைத் தற்காலிகம் என்று நினைத்துச் செய்தோம். இப்போது அதுதான் எல்லோருக்கும் பிடித்த இடம்.

தரை

முழுக்க பேவர் பிளாக் போடுவதுதான் வழக்கம், பில் போடச் சுலபம் என்பதால். பிள்ளைகளுக்கு வேண்டியது மண். கோலி, பம்பரம், கில்லி எதுவும் பேவர் பிளாக்கில் நடக்காது. பாண்டி வேண்டுமானால் ஆடலாம். நடைபாதையும் சக்கர நாற்காலி போகும் வழியும் மட்டும் கெட்டியான தரை, மீதி மண்ணும் புல்லும். புல்லில் நடக்கக்கூடாது என்றால் எதற்குப் புல்?

ஊஞ்சலுக்கும் ஏறும் கம்பிகளுக்கும் அடியில் மணல். ஐரோப்பியத் தர அளவின்படி, ஆறடி உயரத்திலிருந்து விழக்கூடிய இடத்தில் ஏறத்தாழ ஓர் அடி ஆழம் வேண்டும். எம்-சாண்ட் போட்டுவிடலாம் என்பார்கள். அது உடைத்த கல். முனை கூராக இருக்கும், தூள் சேர்ந்து இறுகிச் சிமெண்டுத் தரைபோல ஆகிவிடும். உருண்ட மணலை அலசிப் போடவேண்டும். பல பூங்காக்களில் கறுப்பு, சிவப்பு ரப்பர் தரை போடுகிறார்கள். விழுந்தால் அடிபடாது, சரி. ஆனால் நிழல் இல்லாத இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நின்று பாருங்கள்.

மணலுக்கு இரண்டு எதிரி: பூனை, பாட்டில். முதலாவதற்கு வாரம் ஒருமுறை கிளறி வெயிலில் காயவிடுவது. இரண்டாவதற்குக் காலையில் பிள்ளைகள் வரும் முன் ஒருவர் மணலை வாரியால் வாரிப் பார்ப்பது. இரவில் குடிக்க வருபவர்களைச் சுவர் எழுப்பித் தடுக்க முடியாது, சுவர் இருந்தால் அவர்களுக்கு இன்னும் வசதி. உயரச் சுவர் இல்லாமல் கம்பி வேலியும் நல்ல விளக்கும் போட்டு, உள்ளே நடப்பது தெருவிலிருந்து தெரியும்படி வைத்த பிறகு எங்கள் பக்கம் இந்தத் தொந்தரவு பாதியாகக் குறைந்தது. புதரை இடுப்பு உயரத்துக்கு மேல் வளரவிடாதீர்கள், மரக்கிளையைத் தலைக்கு மேலே வரை கழித்துவிடுங்கள்.

எல்லாக் குழந்தைகளுக்கும்

மணல் போட்ட இடத்துக்குச் சக்கர நாற்காலி போகாது. அதனால் ஊஞ்சல்களில் ஒன்றுக்காவது கெட்டியான பாதை போகட்டும். அந்த ஊஞ்சலுக்கு முதுகுச் சாய்வும் பெல்ட்டும் வேண்டும். சரிவுப்பாதை என்றால் 1 அடி ஏற 12 அடி நீளம். அதைவிடச் செங்குத்தாகப் போட்டால் தள்ளுபவர் மூச்சு வாங்கும், இறங்கும்போது கைநழுவும். மணல்குழியின் ஒரு பக்கத்தை மேசை உயரத்துக்குத் தூக்கிக் கட்டினால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கை அளையலாம். சத்தம் தாங்காத பிள்ளைகளுக்கு வாசலிலிருந்து தள்ளி ஓர் அமைதியான மூலை, மூங்கிலோ செம்பருத்தியோ மறைப்பாக. ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அம்மா சொல்லித்தான் எங்களுக்கே இது தெரிந்தது. உங்கள் தெருவிலும் இப்படி ஒரு வீடு இருக்கும், அவர்கள் கூட்டத்துக்கு வரமாட்டார்கள். நீங்கள்தான் போய்க் கேட்கவேண்டும்.

இப்போது கேட்லாக்கை எடுங்கள்

கையில் ஓர் அங்குல டேப் இருக்கட்டும். இரண்டு அளவுகளை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கம்பிகளுக்கோ படிகளுக்கோ இடையே மூன்றரை அங்குலத்துக்கு மேல் ஒன்பது அங்குலத்துக்குள் எந்த இடைவெளியும் இருக்கக்கூடாது. உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் அளவு அதுதான். வேலிக்கும் இதே கணக்கு. இரண்டாவது, ஊஞ்சல் தொங்கும் கம்பி 8 அடி உயரம் என்றால் முன்னே 16 அடி, பின்னே 16 அடி காலியாக இருக்கவேண்டும். அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் அளவுகள் இவை. நம் ஊரில் ஊஞ்சலுக்கு ஐந்தடி தள்ளி சீசா வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு பிசையும்.

சறுக்குமரத்தை ஒரு மண்மேட்டின் சரிவிலேயே பதித்துவிடுங்கள். உயரத்திலிருந்து விழும் பயம் போய்விடும், மேட்டில் ஏறுவதே தனி விளையாட்டு. மேட்டுக்கு மண் எங்கே? மழைநீர்ப் பள்ளம் வெட்டிய மண் இருக்கிறதே.

விளக்குக் கம்பம் வாங்கும்போது, மின்கசிவு வந்தால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் இருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்விட்ச் பெட்டி குழந்தைக்கு எட்டாத உயரத்தில், மழைநீர் நிற்கும் மட்டத்துக்கு மேலே.

மனுவும் பணமும்

சென்னையில் என்றால் பகுதி சபையில் இருந்து தொடங்குங்கள். 2022-ல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு வார்டையும் பகுதிகளாகப் பிரித்துச் சபை வைத்திருக்கிறார்கள். அங்கே தீர்மானமாகப் பதிவானால் உதவிப் பொறியாளர் எஸ்டிமேட் போடுவதற்கு ஒரு பிடிமானம். கையால் வரைந்த படமானாலும் பரவாயில்லை, வெயில், தண்ணீர், பிள்ளைகளின் எண்ணிக்கை மூன்றும் ஒரே தாளில் இருக்கட்டும். எங்கள் தாளைப் பார்த்துவிட்டு ஒரு பொறியாளர், "இவ்வளவு எல்லாம் யாரும் கொடுக்க மாட்டாங்களே" என்று டீ வாங்கித் தந்தார். ஊர் மக்கள் ஒரு பங்கு போட, மீதியை அரசு போடும் நமக்கு நாமே திட்டமும் உண்டு.

டெண்டர் தாளில் தரை, மரம், நிழல் பந்தல் மூன்றும் தனித்தனி வரியாக வரவேண்டும். 'பூங்கா மேம்பாடு' என்று ஒரே வரியாகப் போட்டால் பணம் சுற்றுச்சுவருக்கும் பெயர்ப்பலகைக்கும் போய்விடும். மொத்தத்தில் ஒரு பகுதியைச் செலவழிக்காமல் ஆறு மாதம் கழித்துச் செய்யும் வேலைக்கு என்று ஒதுக்கச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

திறந்த பிறகு

திறப்பு விழா முடிந்த அடுத்த வாரமே பழைய நோட்டை எடுத்து மறுபடியும் எண்ணுங்கள். புல் எங்கே தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள், பாதை போடவேண்டிய இடம் அதுதான். எல்லோரும் எந்தச் சுவரில் உட்காருகிறார்களோ, அங்கே பெஞ்ச். நடுப்பகலில் பூட்டுவது என்று முடிவானால் விடுமுறை நாட்களுக்காவது விலக்கு வாங்குங்கள். மாதம் ஒருமுறை ஊஞ்சல் கொக்கியைக் கழற்றிப் பார்க்கவேண்டும். சங்கிலி உராய்ந்து கொக்கி உள்பக்கமாகத் தேயும், வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. மூன்றில் ஒரு பங்கு தேய்ந்திருந்தாலே மாற்றிவிடுங்கள். காவலாளி அறையில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டு, பார்த்த தேதியும் கையெழுத்தும் போடச் சொல்லுங்கள்.

இரண்டாவது பூங்காவில் மணல்குழிக்குப் பக்கத்தில், கையை எடுத்தால் நின்றுவிடும் அழுத்துக் குழாய் ஒன்றை வேண்டுமென்றே வைத்தோம், அந்த நான்கு பையன்களை நினைத்து. முதல் மாதம் வந்த புகார் எல்லாம் அதைப் பற்றித்தான். யூனிஃபார்ம் முழுக்கச் சேறு, துவைத்து மாளவில்லை என்று அம்மாக்கள். குழாயை எடுத்துவிடுவதா என்று இரண்டு கூட்டம் போட்டோம். கடைசியில் வாசலருகே இன்னொரு குழாயும், கால் கழுவ ஒரு கருங்கல் பலகையும், மாற்றுச் சட்டை மாட்ட நான்கு ஆணியும் அடித்தோம். ஆணிகளை முதலில் பெரியவர்கள் உயரத்துக்கு அடித்துவிட்டார்கள். மறுநாள் பிடுங்கி, இரண்டரை அடியில் அடித்தோம்.